ஓவனுக்குள் இருந்த கேசட்டுகள்

டெய்லர் அடுப்பங்கரைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவர். அப்படிப்பட்டவர் இன்று இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, "மதியம் மக வர்றா. உன்னோட ஓவன் உருளைக்கிழங்கை இன்னைக்கு நான் செய்யப்போறேன்" என்று அறிவித்தபோது, சக்கர நாற்காலியில் இருந்த அவர் மனைவிக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பும் பாதி முகத்தில்தான் வந்தது. மீதிப் பாதியைப் பக்கவாதம் கொண்டுபோயிருந்தது. வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் அதோடு சேர்த்தி.

பேச்சு போனதுதான் பெரிய அநியாயம். அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். வண்டி தாமதம் என்று அவள் சொன்னால் காத்திருப்பவர்களுக்குக் கோபமே வராது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த வாயை வைத்துத்தான் அந்தக் குடும்பமே பிழைத்தது. டெய்லர் தைத்த சட்டைகளில் பாதி, அளவு சரியில்லை என்று திரும்பி வந்துவிடும். எதைக் கெடுத்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "இதை முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

ஓவன் என்ற சொல் காதில் விழுந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு நினைவு வந்தது. சிரிப்பு நின்றது.

இரவு வேலைக்குப் போன காலத்தில் மகள் அழாமல் தூங்கட்டும் என்று கதைகளைக் கேசட்டில் பேசி வைத்துவிட்டுப் போவாள். அந்த மகள் இப்போது நிறைமாதம். போன மழையின்போது போனில் கேட்டாள்: "அம்மா, அந்தக் கேசட்டெல்லாம் இருக்கா? என் பாப்பாவும் அதைக் கேட்டுத்தான் தூங்கணும்." பரணிலிருந்து எடுத்துத் துடைத்தாயிற்று. எங்கே வைப்பது? சுவரெல்லாம் ஈரம், அலமாரியெல்லாம் பூஞ்சை. வீட்டில் ஈரம் ஏறாத ஒரே இடம் ஓவன். தட்டுகளை வெளியே எடுத்துவிட்டு, கேசட்டுகளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உள்ளே வைத்தாள். கணவரிடம் சொல்லவில்லை. அவருக்கும் ஓவனுக்கும் என்ன சம்பந்தம்? சில நாளில் குளியலறையில் விழுந்தாள்.

"ம்ம்... ம்ம்!" என்றாள் இப்போது.

டெய்லர் உருளைக்கிழங்கின் மேல் அளவு நாடாவை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன, துண்டு பெருசா இருக்கா? சரி, சின்னதாவே வெட்டிடறேன்."

அவள் இடது கையை நீட்டி ஓவனைக் காட்டினாள்.

"அதுலதான் வைக்கப்போறேன், இரு. அதுக்குள்ள என்ன அவசரம்?"

அரை வேக்காடாக வேகவைத்து வடித்தார். எண்ணெயும் மிளகுத்தூளும் போட்டுக் குலுக்கினார். பிறகு போனில் மகளைக் கூப்பிட்டார். "அப்பா, முதல்ல ஓவனை மட்டும் நல்லா சூடாக்கிடுங்க. அப்புறமா தட்டை உள்ள வைங்க" என்றாள் அவள்.

"எல்லாம் எனக்குத் தெரியும்மா" என்றார், அப்போதுதான் தெரிந்துகொண்ட மனிதர்.

குமிழைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது. எண்ணெய்க் கறை ஏறிக் கறுத்த கண்ணாடிக் கதவில் உள்ளே இருப்பது ஒன்றும் தெரியவில்லை. "பாத்தியா, தட்டைக்கூட நீயே வெளிய எடுத்து வச்சிருக்கே. எனக்குன்னே தயாரா வச்ச மாதிரி இருக்கு."

அவள் நாற்காலியை நகர்த்தப் பார்த்தாள். பத்திரமாக இருக்கட்டும் என்று அவர்தான் பிரேக் போட்டிருந்தார். இடது கைக்கு எட்டிய பிரேக் விட்டது, வலது பக்கத்துப் பிரேக் எட்டவில்லை. நாற்காலி இருந்த இடத்திலேயே கொஞ்சம் திரும்பி நின்றுவிட்டது. ஊமை கண்ட கனவு என்று எத்தனையோ தடவை பிறரைக் கேலி பேசியிருக்கிறாள். மேசையில் உப்பு டப்பா கைக்கு எட்டியது. எடுத்து ஓவன் மேலேயே வீசினாள்.

டெய்லர் திகைத்து நின்றார். பிறகு ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டார். முகம் மலர்ந்தது. "ஆமாடி, உப்பே போடல! உனக்கு மட்டும் எப்படித் தெரியுது?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எதுலயாவது அவங்களுக்கு ஆர்வம் வந்தா நல்ல அறிகுறின்னு டாக்டர் சொன்னாரு. இன்னைக்குத்தான் நீ பழையபடி என்னைத் திட்டற."

அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க அவளால் தாங்க முடியவில்லை. நாற்காலியின் கையை அடித்தாள். கத்தினாள். அவர் தலையாட்டிக்கொண்டே உப்பைத் தூவினார், வெண்ணெயில் பூண்டை வதக்கினார். பூண்டு வாசனை வீடு முழுக்க நிறைந்தது. அதற்கு அடியில் வேறொரு வாசனை வந்ததை அவள் மூக்கு முதலில் கண்டுகொண்டது. அதன் பிறகு அவள் சத்தம் போடவில்லை.

"பூண்டு கருகுதோ?" என்று அடுப்பை அணைத்தார். நாற்றம் நிற்கவில்லை. ஓவன் கதவின் இடுக்கிலிருந்து கறுப்பாகப் புகை வந்தபோதுதான் பதறிப்போய்த் திறந்தார். டப்பா உருகிக் கம்பிகளுக்கிடையில் சொட்டிக்கொண்டிருந்தது. வெறுங்கையால் இழுத்தார், சுட்டுக்கொண்டார், தரையில் போட்டார். கேசட் நாடா சுருள் சுருளாகக் கருகிக் கிடந்தது. ஒரு மூலையில் மட்டும் காகிதம் எரியாமல் இருந்தது. அதில் அவள் கையெழுத்தில் மகளின் செல்லப் பெயர்.

அவருக்குப் புரிந்துவிட்டது.

"இதையெல்லாம் ஏன் இதுக்குள்ள... முன்னாடியே ஒரு வார்த்தை..."

சமையல் மேசையில் உருளைக்கிழங்குத் துண்டுகள் ஒரே அளவில், உப்பும் உறைப்பும் சரியாக, அரை வேக்காடாகவே காத்திருந்தன.

வாசல் மணி அடித்தது. "அம்மா!" என்று வெளியிலிருந்தே மகளின் உற்சாகக் குரல் கேட்டது. "கேசட் போடற பெட்டி ஒண்ணு கிடைச்சுதும்மா! பழசுதான், ஆனா நல்லா ஓடுது. சீக்கிரம் திறங்க!"

டெய்லர் கதவைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். கெட்ட சேதி எதுவானாலும் கேட்பவர் மனம் நோகாமல் சொல்லத் தெரிந்த ஆள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். இதையும் அவள்தான் எப்படியாவது சொல்லவேண்டும் என்பதுபோல, வெந்த கையைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவளும் வாயைத் திறந்தாள். "ம்ம்" என்றுதான் வந்தது.