கூரை மேல் காசிமிர்

காசிமிர் செத்துப்போனது ஜனவரி மாதத்தில். அதற்காகவே சிதோனி அவனை இன்னொரு தடவை சபித்தாள். மே மாதத்தில் செத்திருந்தால் குழி தோண்டிப் புதைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். ஜனவரியில் ஷால்வெர் ஊரின் மண் கடப்பாரைக்கும் மசியாது. மரங்களே வளர யோசிக்கிற உயரம் அது. அங்கே குளிர்காலத்தில் செத்தவர்களைத் துணியில் சுற்றி, அவரவர் வீட்டுக் கூரையில், பனிக்குள் கிடத்திக் கயிறு போட்டுக் கட்டிவிடுவார்கள். வசந்தம் வந்து மண் இளகினதும் இறக்கிப் புதைப்பார்கள். தரையில் வைத்தால் நரி விடாது.

காசிமிருக்குக் கூரை இல்லை. அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. வீடு எரிந்துபோன பிறகு அவனும் மகள் செசாரினும் அந்த இடிபாட்டின் கீழே மிஞ்சின கல் நிலவறையில்தான் குடியிருந்தார்கள். சொந்தக் கூரை இல்லாதவன் பிணம் பக்கத்து வீட்டுக் கூரைக்குப் போகும். பக்கத்து வீடு சிதோனியுடையது.

மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம் மேயர் அன்செல்ம் ஆட்களோடு வந்தார். பனிச்சறுக்கு வண்டியில் காசிமிர் கிடந்தான். பின்னால் கறுப்புச் சால்வை போர்த்திக்கொண்டு செசாரின். சிதோனி வைக்கோல் வாரும் கவைக்கோலை ஊன்றிக்கொண்டு வாசலை அடைத்து நின்றாள்.

"வழிய விடு சிதோனி."

"எதுக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காத. ஊர் வழக்கம்."

"ஓ, வழக்கமா? மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் நடுவுல வெட்டவெளி விட்டிருக்கோமே, தீ தாவக்கூடாதுன்னு, அதுவும் ஊர் வழக்கம்தான். அதுல இவன் வைக்கோல் கொட்டகை போட்டானே, அப்ப இந்த வழக்கம் எங்க போய்ப் படுத்திருந்துச்சு? உங்க சித்தப்பா மகன்னு வாய மூடிக்கிட்டுதான இருந்தீங்க மேயரே?"

அன்செல்ம் தன் காலணியைப் பார்த்தார். கூட வந்தவர்களும் அவரவர் காலணியைப் பார்த்தார்கள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. அந்தக் கொட்டகையில் பிடித்த தீதான் காசிமிர் வீட்டையும் தின்றுவிட்டு சிதோனி வீட்டின் ஒரு பக்கத்தை நக்கியது. மாடுகளை அவிழ்க்க உள்ளே போன அவள் புருஷன் பார்த்தெலெமி புகையைக் குடித்துவிட்டு வெளியே வந்தான். அன்றைக்கு ஆரம்பித்த இருமல் அடுத்த அறுவடைக்குள் அவனைக் கொண்டுபோனது. காசிமிர் ஒரு வார்த்தை வருந்தவில்லை. "வைக்கோல்னா எரியத்தான் செய்யும்" என்றான். அதற்குப் பிறகு அவன் மேய்ச்சலுக்குப் போனால் அவள் வேறு பாதையில் போவாள். வருஷத்துக்கு ஒரே தடவை ஊர்ப் பொது அடுப்பில் ரொட்டி சுடும் நாளில் அவன் மாவு வைத்த பலகையைக்கூடத் தொடமாட்டாள்.

செசாரின் முன்னால் வந்தாள்.

"நான் என்ன ஆசைப்பட்டா வந்திருக்கேன்? உன் தலைக்கு மேல எங்கப்பாவப் போடறதுக்கு ஆத்துல போட்டிருப்பேன். ஆறும் உறைஞ்சு கெடக்கு."

அங்கே வந்தவர்களில் உண்மை பேசியவள் இவள் ஒருத்திதான் என்று சிதோனிக்குப் பட்டது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. கவைக்கோலைச் சுவரில் சாய்த்தாள்.

"வடக்குப் பக்கக் கூரை. தெக்கால வச்சீங்கன்னா நானே உருட்டிவிடுவேன். மாட்டு மேல இடிக்காமக் கொண்டுபோங்க."

குளிர்காலம் முழுக்க அவள் மாடுகளோடுதான் கீழே படுப்பாள், ஊரே அப்படித்தான். மாட்டின் மூச்சுதான் கணப்பு. அந்த அறைக்குள் வந்து, ஏணியில் ஏறி, வைக்கோல் பரணைத் தாண்டித்தான் கூரைக்குப் போகமுடியும். பனி விழுந்த மறுநாளெல்லாம் செசாரின் வந்தாள், கயிற்றைப் பார்க்கவும், துணி விலகியிருந்தால் மூடவும்.

"என்ன, உங்கப்பன் எழுந்து ஓடிட்டானா?"

"உன் மூஞ்சியப் பாத்தா ஓடத்தான் தோணும். எழுந்திரிக்க முடியலயே."

"ஏணிய மெல்லப் பிடி. உங்க வீட்டுது மாதிரி எரிஞ்சுபோகல, இன்னும் எனக்கு வேணும்."

இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். ஒருநாளும் ஒருவருக்கொருவர் முகமன் சொன்னதில்லை. சிதோனி முட்டைக்கோஸ் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தால் கிண்ணத்தை முழங்கையால் மறைத்துக்கொள்வாள். செசாரின் அந்தப் பக்கமே திரும்பாமல் ஏறிப்போவாள்.

ஆளில்லாதபோது சிதோனியின் காது கூரைப் பக்கமே இருந்தது. மரப்பலகை குளிரில் படீரென்று வெடிக்கும். அவன் புரண்டு படுப்பதாகத் தோன்றும். பனி அதிகமாகி உத்தரம் முனகினால் அவளே மண்வாரியோடு ஏறி வழித்துத் தள்ளவேண்டும். அவனைச் சுற்றி வழிப்பாள். அவன் மேல் இருப்பதை அப்படியே விட்டுவிடுவாள். "பார்த்தெலெமி கூரைடா இது," என்று அவனிடம் சொல்வாள். "அவன் கையால அடிச்ச பலகை. படுத்துக்க, நல்லாப் படுத்துக்க."

மார்ச் மாதம் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று அடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மண்வாரியோடு ஏறியபோது கூரை ஈரமாக மினுங்கியது. பனி விலகி, கயிற்றின் முடிச்சு வெளியே தெரிந்தது. கயிறு நனைந்து முடிச்சு நெகிழ்ந்திருந்தது. ஒரு சுண்டு சுண்டினால் இறுகிவிடும். அவள் அதைப் பார்த்தபடி நின்றாள். பிறகு இறங்கிவந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். பூசைக்கும் போகவில்லை.

பூசை முடிந்து ஜனங்கள் சந்தில் வரும்போது காசிமிர் வந்தான். கூரையில் ஒரு நீண்ட உரசல் சத்தம். அதற்குப் பிறகு சந்தோரத்துப் பனிக்குவியலில் கால் முன்னாக வந்து குத்திட்டு, துணியோடு, இடுப்புவரை புதைந்து நின்றான். பெண்கள் அலறிக்கொண்டே சிலுவை போட்டார்கள். சிதோனி வெளியே வந்தாள்.

"தள்ளிட்டா! பிணத்தத் தள்ளிட்டா!" என்று யாரோ கத்தினார்கள்.

"இவளுக்குக் கை கூசலயே!"

"பாதிரியாரக் கூப்பிடுங்க. இனி இவள கோயில்ல சேக்கக்கூடாது."

அன்செல்ம் கைத்தடியால் அவளைக் காட்டினார். "ஊர் உன்ன நம்பிக் குடுத்துச்சு சிதோனி. இதுக்கு நீ பதில் சொல்லணும்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு செசாரின் வந்தாள். அப்பாவின் மேலிருந்து தொங்கின கயிற்றை எடுத்து, நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அறுபடவில்லை. அவள் முகம் சிவந்துவிட்டது.

"இவ தள்ளல. முடிச்சு நான் போட்டது. ஒழுங்காப் போடல," என்றாள். "இவ தள்ளியிருந்தா நான் ஏன் மறைக்கிறேன்? சந்தோஷமாக் காட்டிக்குடுத்திருப்பேன்."

கூட்டம் அடங்கிப்போனது. சிதோனி அந்தக் கணத்தில் வாயை மூடிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். கதவைச் சாத்தியிருந்தால் விஷயம் முடிந்தது. ஆனால் காசிமிர் மகள் போட்ட பிச்சையில் தப்பித்தோம் என்ற நினைப்பு அவளுக்குப் பொறுக்கவில்லை.

"முடிச்சு நெகிழ்ந்ததக் காலையில நான் பாத்தேன்," என்றாள். "இறுக்கியிருக்கலாம். இறுக்கல. வேணும்னுதான் விட்டேன்."

செசாரின் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டாள். போட்ட கையாலேயே சிதோனியை ஓங்கி அறைந்தாள். சத்தம் சந்துமுழுக்கக் கேட்டது. யாரும் குறுக்கே வரவில்லை. சிதோனி கன்னத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை.

"அடிச்சாச்சுல்ல? தலைப்பக்கம் நீ பிடி," என்றாள்.

ஆண்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். இரண்டு பெண்களும் காசிமிரைப் பனியிலிருந்து பிடுங்கி, மாடுகளைத் தாண்டி, ஏணியில் ஒரு படி ஒரு படியாக ஏற்றினார்கள். "மேல தூக்குடி", "நீ நேராப் பிடி கெழவி" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. இந்தத் தடவை முடிச்சைச் சிதோனி போட்டாள், முரட்டு மாட்டுக்குப் போடுகிற மாதிரி காலால் மிதித்து இறுக்கி.

மே மாதம் மண் இளகியது. காசிமிரை இறக்கிக் கொண்டுபோனார்கள். சிதோனி கல்லறைக்குப் போகவில்லை. அன்றைக்கு ஏணியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள்.

அடுத்த வாரம் செசாரின் மூட்டை முடிச்சோடு கோவேறு கழுதையை ஓட்டிக்கொண்டு வாசலைக் கடந்தாள். மார்செய் பட்டணத்தில் ஒரு வீட்டில் வேலை கிடைத்திருந்தது. சிதோனி வெளியே வந்தாள். இந்த ஒன்றைக் கேட்கப் பல நாள் அவள் தன்னோடு சண்டை போட்டிருந்தாள்.

"அந்த எரிஞ்ச மனைய என்ன செய்யப்போற? எனக்குக் குடு. ஒண்ணும் கட்டமாட்டேன். தீ தாவாம இருக்க சும்மா போட்டுவைப்பேன்."

செசாரின் கழுதையை நிறுத்தினாள். முதல் தடவையாகச் சிரித்தாள்.

"உனக்கா? ஊர்ல யார் கேட்டாலும் குடுப்பேன், உனக்கு மட்டும் மாட்டேன். கீழத்தெரு ப்ளாசிதுக்குக் குடுத்தாச்சு. பன்னி வளக்கப்போறானாம்."

"நாசமாப் போ."

"போய்க்கிட்டுத்தான் இருக்கேன்."

கழுதை இறக்கத்தில் திரும்பி மறைகிறவரை சிதோனி நின்றாள். இவ்வளவு காலத்தில் தன்னிடம் பொய் சொல்லாதவள் இந்த ஒருத்திதான் என்று தோன்றியது. அதை யாரிடமும் சொல்லும் உத்தேசம் அவளுக்கு இல்லை. பிறகு பரணிலிருந்து பலகைகளை இறக்கி, ப்ளாசிதின் பன்றிகள் வந்து சேருவதற்குள் எல்லையில் உயரமாக ஒரு வேலி அடிக்க ஆரம்பித்தாள்.