சதுப்பில் அறுத்த புல்

அன்று காலை இஸ்ஸாத் அடுப்பருகே தரையில் உட்கார்ந்து இடது காலை நீட்டினான். அந்தக் காலில் கட்டைவிரலும் அடுத்த விரலும் கிடையாது. கல்யாணமான புதிதில், ஒரு வேட்டையில் குளிர் தின்றுவிட்டது. காரென் ஒரு பிடி உலர்ந்த புல்லை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே கசக்கி, உதறி, குருவிக்கூடு போலச் சுற்றிப் பனிமான் தோல் காலணிக்குள் வைத்தாள். விரல் இல்லாத இடத்துக்கு இன்னும் கொஞ்சம் திணித்தாள். ஆற்றோரத்து ஆட்கள் காலுறை போட்டுக்கொள்வதில்லை. வெறுங்காலும் புல்லும்தான்.

"போதும்டீ. என் காலுக்கும் கொஞ்சம் எடம் விடு."

"உங்கால்ல பாதிதான இருக்கு. பாதி எடம் போதும்."

அவன் சிரித்துக்கொண்டே காலை நுழைத்தான். காலணியின் வாய்க்கு மேலே சிவப்பு நாடாவை இறுக்கிச் சுற்றி அவள் முடிச்சுப் போட்டாள். விரல்களை இழந்த அந்த வருஷம் புண் ஆறும்வரை அவள்தான் கட்டிவிட்டாள். ஆறிய பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. வலது காலை அவனே கட்டிக்கொள்வான். இடது கால் அவளுடையது. பிறகு காப்பியைக் குடித்துவிட்டு, சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு, மேட்டுக்கு அந்தப்புறம் வில்லோ புதர்களில் வைத்திருந்த கண்ணிகளைப் பார்க்கப் போனான். பனிக்கோழிகள் இறங்குகிற பருவம் அது.

அந்த வருஷத்துப் புல்லைப் பற்றி காரெனுக்கு உள்ளூர ஒரு உறுத்தல் இருந்தது. கோடையில் ஆறு பெருகி, எப்போதும் அறுக்கிற கரையை மூழ்கடித்துவிட்டது. வேறு வழியில்லாமல் சதுப்பில் போய் அறுத்து வந்தாள். அது குட்டையான, முரட்டுப் புல். அடித்துச் சீவிக் காயப்போட்டபோது, பக்கத்து வீட்டிலிருந்து வந்த நாத்தனார் இங்கா ஒரு புல் தாளை ஒடித்துப் பார்த்தாள்.

"அண்ணி, இது மாட்டுக்குப் போடுற புல்லு. நாலு நடை நடந்தா பொடியாயிரும். எங்கண்ணனுக்கு இன்னும் எட்டு வெரல் மிச்சமிருக்கு, அதையாவது விட்டு வை."

காரென் சிரித்து மழுப்பினாள். இஸ்ஸாத்திடம் கேட்டபோது நன்றாகத்தான் இருக்கிறது என்றான். கருகிய ரொட்டியையும் அப்படித்தான் சொல்வான்.

மதியம் வடக்கிலிருந்து காற்று எழுந்தது. சாயங்காலம் அவன் வரவில்லை. தேடப் போனவர்கள் காற்றோடு மல்லுக்கட்டித் திரும்பி வந்தார்கள். மறுநாள் வெளிச்சம் வந்த பிறகுதான் பியேரா அவனைப் பனிமான் இழுக்கும் சறுக்குவண்டியில் கொண்டுவந்து சேர்த்தான். அவனும் இஸ்ஸாத்தும் சின்ன வயதிலிருந்து ஒன்றாக வேட்டைக்குப் போனவர்கள். இஸ்ஸாத் ஒரு புதரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தானாம். சறுக்குக் கட்டைகள் இரண்டும் பக்கத்தில் ஒழுங்காக நட்டு வைத்தபடி இருந்தன. கண்ணியிலிருந்து எடுத்த கோழி மடியில் கிடந்தது.

"அசந்து தூங்குறான்னுதான் நெனச்சேன், காரென். ரெண்டு தடவ கூப்பிட்டேன்" என்றான் பியேரா.

மாரடைப்பா, குளிரா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வீட்டில் கூடியிருந்த எல்லோர் மனதிலும் ஒரே கேள்விதான்: புல் கைவிட்டுவிட்டதா? கால் மரத்துப்போனவன்தான் உட்காருவான். அந்தக் காற்றில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க மாட்டான். இங்கா குனிந்து அண்ணனின் காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"கல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

காரென் இடது காலருகே மண்டியிட்டாள். கால் குளிர ஆரம்பித்தால் அங்கே எந்த வேட்டைக்காரனும் பொறுத்துக்கொண்டு நடக்க மாட்டான். எங்கே இருந்தாலும் பனியிலேயே உட்கார்ந்து, நாடாவை அவிழ்த்து, புல்லை உருவித் திருப்பி, ஈரப்படாத பக்கம் பாதத்துக்கு வரும்படி மறுபடி வைத்துக் கட்டுவான். விரலைப் பறிகொடுத்தவன் கால் சுருக்கென்றதுமே அதைச் செய்துவிடுவான். எதிரே உட்கார்ந்து கட்டிவிடுவதால் அவள் கட்டும் நாடாவின் சுற்று உள்பக்கமாக ஓடும். அவன் கட்டினால் வெளிப்பக்கமாகப் போகும்.

சுற்று உள்பக்கமாகவே ஓடியது. அவள் பெருவிரலால் அழுத்திச் செருகிய நுனிகூட வைத்த இடத்தில் இருந்தது. பனி படிந்த நாடாவை மெதுவாகப் பிரித்துக் காலணியைக் கழற்றினாள். குதிகாலின் கீழே புல் ஈரம் உறைந்து தட்டையாகியிருந்தது. மற்றபடி அவள் சுற்றிய கூடு கலையவில்லை. விரல் இல்லாத இடத்தில் திணித்தது காய்ந்தபடியே, சுருள் சுருளாக வந்தது.

பியேரா வலது காலை அவிழ்த்தான். அங்கேயும் குதிகாலில் மட்டும்தான் ஈரம்.

"ரெண்டையும் பிரிக்கவே இல்லியே" என்றான் அவன். "காலு குளிர்ந்திருந்தா இவன் சும்மா இருக்கிற ஆளா? ஊரையே திட்டிருப்பான்."

இங்கா அந்தப் புல்லில் கொஞ்சம் வாங்கி உள்ளங்கைகளுக்கிடையே அழுத்தித் தேய்த்தாள். கையை விரித்துப் பார்த்தாள்.

"பொடியாகல, அண்ணி" என்றாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

காரெனுக்கு வரவில்லை. உட்கார்ந்த நேரத்தில் அவன் கால் கதகதப்பாக இருந்திருக்கிறது. அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான். தெரிந்த பிறகும் அவன் இல்லாத வீடு அதே அளவு பெரிதாக இருந்தது.

அவனைக் குளிப்பாட்டி, நல்ல சட்டை போட்டு, சவப்பெட்டி வரும்வரை பியேராவின் கொட்டகையில் வைத்தார்கள். துணைக்குப் படுத்துக்கொள்கிறேன் என்று இங்கா சொன்னாள். வேண்டாம், உன் வீட்டில் அடுப்பு அணைந்துவிடும் என்று காரென் அனுப்பிவைத்தாள். எல்லோரும் போன பிறகு தரையில் புல் இரண்டு குவியலாகக் கிடந்தது. ஈரப்புல்லை அப்படியே விட்டால் பூசணம் பிடிக்கும். யாருக்கு என்று அவள் கை கேட்கவில்லை. உதறி, சிக்கெடுத்து, அடுப்புக்கு மேலே இருந்த கழியில் பரப்பினாள். இன்னும் இரண்டு விறகு வைத்துவிட்டுப் படுத்தாள்.

காலையில் புல் உலர்ந்திருந்தது.