கோசோரிச் வீட்டு மெழுகுவர்த்தி

உருகிய மெழுகு சொட்டிக் கையைச் சுட்டபோதுதான், தான் எடுத்து ஏற்றியிருப்பது எந்த மெழுகுவர்த்தி என்று மிலுங்கா கவனித்தாள்.

அப்பாவின் விரல்களை அதைச் சுற்றி மடக்கி, மேலே தன் கையால் பொத்திப் பிடித்திருந்தாள். வெளிச்சமில்லாமல் ஓர் உயிர் போகக் கூடாது. விடியற்காலையில் அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதும் முன்னறைக்கு ஓடி, இருட்டில் கைக்கு அகப்பட்டதை எடுத்துவந்திருந்தாள். அகப்பட்டது ஸ்லாவா என்னும் குலப் புனிதர் விழாவுக்கு வைத்திருந்த மெழுகுவர்த்தி. இன்று புனித நிக்கோலாவின் நாள். கோசோரிச் என்று பெயருள்ளவர்களுக்கெல்லாம் அவர்தான் குலப் புனிதர். பாதிரியார் வந்த பிறகே அந்த மெழுகுவர்த்தியை ஏற்ற வேண்டும்.

வித்தோமிர் கோசோரிச் இரண்டு முறை மூச்சு விட்டார். மூன்றாவதற்காக அவள் வெகுநேரம் காத்திருந்தாள்.

அழுகை வரவில்லை. ஏழு மாதமாகப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டி, இடுப்பே விட்டுப்போயிருந்தது. ஊதி அணைக்கக் கூடாத சுடர் அது. விரலை நனைத்து நசுக்கினாள். இரண்டு விரற்கடை குறைந்திருந்தது.

நேற்று ராத்திரிதான் அவர் சொன்னார்: "நாளைக்கு ரொட்டிய வெட்டிடணும். நான் எந்திரிக்கலேன்னாலும் வெட்டிடணும்." ஸ்லாவா ரொட்டியை வீட்டுத்தலைவர்தான் வெட்டுவார்; அவர் இல்லாமல் யார் வெட்டுவது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரி வந்து குளிப்பாட்டி உடுத்த உதவினாள். சாவு வீட்டு வழக்கப்படி நிலைக்கண்ணாடியைத் துணி போட்டு மூடினார்கள். பீன்ஸ் அடுப்பில் இருந்தது. கோதுமையை நேற்றே வேகவைத்து அக்ரூட்டும் சர்க்கரையும் கலந்தாயிற்று. ஸ்லாவாவுக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான். புதிதாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

பத்து மணிக்கு, பனியை உதறிக்கொண்டு, அப்பாவின் தம்பி மனைவியான சித்தி தாரிங்காவும் அவள் மகன் ஒப்ராதும் வந்தார்கள். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை. அந்தப் பெயருள்ளவர்கள் வந்துவிடுவார்கள்.

சித்தி உள்ளே போய்ப் பார்த்து, சிலுவை போட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள். "ரெண்டையும் ஒரே சமையல்ல முடிச்சிட்டாரே பெரியவரு. உசுரோட இருந்தப்பவும் இப்படித்தான், ஒரு குச்சியில ரெண்டு அடுப்பு பத்த வைப்பாரு."

ஒப்ராத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "மிலுங்கா, ரொட்டிய நான் வெட்டிடறேன். புனிதர் படத்தையும் கையோட எடுத்துட்டுப் போறேன். நீ கட்டிக்குடுத்த பொண்ணு. உன் புருஷன் வீட்டுப் புனிதர் வேற."

"அவரு போயி ஆறு வருஷமாச்சுண்ணே."

"அவரு பேரு உன்ன விட்டுப் போகலையேம்மா. நான் உன்ன விரட்டலை. இனி பூட்டிக் கிடக்கப்போற வீட்டுல புனிதர் உக்காந்து என்ன பண்ணுவாரு?"

அவன் சொன்னதில் தப்பு இல்லை. கல்யாணத்துக்கு மறுநாளே, படத்துக்குப் பின்னால் இருக்கும் வீட்டார் பெயர்த்தாளில் தன் பெயரை அப்பா கோடு போட்டு அடித்ததை அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு அந்தத் தாளை அவள் தொட்டதேயில்லை.

பாதிரியார் சாவா வந்தார். முதலில் உள்ளறையில் ஜெபம் சொன்னார். பிறகு மேசைக்கு வந்தார்.

ஒப்ராத் மெழுகுவர்த்தியையே பார்த்தான். "இத யாரு ஏத்துனது?"

"நான்தான். அப்பா கையில குடுத்தேன்."

"அடிப் பாவி," என்றாள் சித்தி. "செத்தவரு கையில இருந்தத வச்சு ஸ்லாவாவா?"

"வேற இருக்கா?" பாதிரியார் கேட்டார்.

"இல்ல ஃபாதர்."

"அப்ப இதுதான். தீப்பெட்டி எடு."

அவளே உரசினாள். மூன்றாவது குச்சியில்தான் பற்றியது.

அவர் படத்துக்குப் பின்னாலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார். வருஷா வருஷம் அப்பாவே புதிதாக எழுதிவைப்பார். ஒரு பக்கம் இந்த வீட்டில் இறந்தவர்கள், மறுபக்கம் இருக்கிறவர்கள். பாதிரியார் பேனா எடுத்து, இருக்கிறவர்கள் பக்கத்தில் வித்தோமிர் என்பதை அடித்து, மறுபக்கத்தின் அடியில் எழுதினார். கோதுமையின் முன் நின்று இறந்தவர்களை வாசித்தார். கிர்ஸ்மான், யெல்கா, போரில் போன ரதோயே, மிலுங்காவின் அம்மா ஸ்தாமேனா... கடைசியாக வித்தோமிர். ஒவ்வொருவரும் இந்த மேசையைச் சுற்றி நின்றவர்கள்தான்.

பிறகு தாளைத் திருப்பி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"மிலுங்கா," என்று வாசித்தார். அவ்வளவுதான். அந்தப் பக்கம் முடிந்துவிட்டது.

ஒப்ராத் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். எழுத்து கோணிக் கோணி, வரியை விட்டு இறங்கி ஓடியிருந்தது. படுக்கையிலிருந்து எழுதியது. யார் கை என்று யாரும் கேட்கவில்லை.

பாதிரியார் ரொட்டியைத் தூக்கினார். அதை அவரும் வீட்டுத்தலைவரும் சேர்ந்து பிடித்துச் சுற்றி வெட்ட வேண்டும். ஒப்ராத் நீட்டியிருந்த கையை மெதுவாக இறக்கினான்.

"நல்லாப் பிடி," என்றான் அவளிடம். "மேலோடு உடைஞ்சிடப் போகுது."

மத்தியானத்துக்குள் இன்னும் எட்டுப் பேர் வந்துவிட்டார்கள். பாட்டு இல்லை. தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள். மிலுங்கா பீன்ஸ் வைத்தாள், மீன் வைத்தாள், ஒயின் ஊற்றினாள்.

"உக்காருடி கொஞ்சம்," என்றாள் சித்தி, நாற்காலியை இழுத்து. "எப்பத் தூங்குன நீ?"

ஒப்ராத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: "விடும்மா. ஸ்லாவா முடியுற வரைக்கும் வீட்டுக்குப் பெரியவங்க உக்காரக் கூடாது. பெரியப்பா என்னைக்காச்சும் உக்காந்து பாத்திருக்கியா?"

சித்தி நாற்காலியை உள்ளே தள்ளினாள்.

மிலுங்கா அடுத்த தட்டை எடுத்துக்கொண்டு போனாள். வைத்துவிட்டு, உள்ளறைக் கதவுநிலையில் முதுகைச் சாய்த்து நின்றாள். அந்த மரச்சட்டத்தில், அப்பாவின் தோள் உயரத்துக்கு, தேய்ந்து வழுவழுப்பாக ஓர் இடம் இருந்தது.