பக்கத்து மெஷின்

கணக்குப் போட உட்கார்ந்தால் போதும், அவள் கை மரத்துவிடும். பள்ளியின் கடைசித் தேர்வு நெருங்குகிறது. போன வருடம்வரை ஓடிய கை இப்போது ஏன் நிற்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

சலவை ஆலையிலிருந்து அக்கா, நீராவி சுட்ட கையோடு வந்தாள். "பெயிலானா கவலையே படாதடி. என் பக்கத்து மெஷின் காலியாத்தான் கெடக்கு."

"அதுல நின்னவங்க?"

"இனிமே வரமாட்டாங்க."

பயத்தில் தங்கை ஒரு கணக்கைப் பாதிவரை இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏய் விஞ்ஞானி, வந்து கட்டுப் போட்டு விடு!" அக்கா கூப்பிட்டாள்.

அக்காவின் கையில் துணியைச் சுற்றும் நேரமெல்லாம் விட்டுவந்த கணக்கின் அடுத்த வரி மனதை அரித்தது. திரும்பி வந்ததும் கை தானாக எழுதியது.

வெற்றுத் தாளில் முதல் வரி போடுவதுதான் அவளுக்கு வரவில்லை. பாதியில் நிற்கும் கணக்கு தானே இழுக்கிறது. அன்று முதல், அடுத்த வரி தெரிகிற இடத்தில் கணக்கை நிறுத்திவிட்டு எழுந்தாள். மறுநாள் அந்த வரியிலிருந்தே தொடங்கினாள்.