வாயால சொல்லாத

பௌர்ணமி அன்று அடி அண்ணாமலையில் வீட்டில் ஜெபக்கூட்டம் வைக்கிற துணிச்சல் ராணியம்மாளுக்கு மட்டும்தான் வரும். கிரிவலக்காரர்கள் தெருவை அடைத்துக்கொண்டு நடப்பார்கள், வண்டி எதுவும் உள்ளே வராது. சபைக்காரர்களும் அந்த ஜனத்தோடு ஜனமாக நடந்துதான் வந்து சேர வேண்டும். அதெல்லாம் ராணியம்மாளுக்கு ஒரு பொருட்டே இல்லை. மருமகள் அருணாதேவி உண்டாகியிருப்பதற்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரக் கூட்டம் இது, தள்ளிப்போட முடியாது என்று பாஸ்டரிடம் அடித்துச் சொல்லிவிட்டாள்.

அருணா உண்டாகியிருக்கிறாள் என்பது அருணாவுக்கே இன்னும் உறுதியாகத் தெரியாத செய்தி. கொஞ்ச நாளைக்கு முன்னால் வேலூரில் ஒரு மருத்துவமனையில் அவள் வயிற்றில் கரு வைத்தார்கள். தங்கியதா இல்லையா என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். அதுவரை பொறுக்க ராணியம்மாளால் முடியவில்லை. அடுத்த ஞாயிறே சபையில் எழுந்து, கர்த்தர் என் மருமகளின் கர்ப்பத்தைத் திறந்துவிட்டார் என்று சாட்சி சொல்லிவிட்டாள். கிடைப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டதாக அறிக்கை செய்வது அந்தச் சபையில் விசுவாசம். அதன் பிறகு யாராவது 'ஒருவேளை' என்று இழுத்தால் அது அவிசுவாசம். வேலூர் என்ற பேச்சே சாட்சியில் வரவில்லை. அருணா தொப்புளைச் சுற்றிக் குத்திக்கொண்ட ஊசிகளெல்லாம் ஃப்ரிட்ஜில் கொத்தமல்லிக் கட்டுக்குப் பின்னால் இருந்து, சத்தமில்லாமல் குப்பைக்குப் போயின.

இன்று காலை குளியலறையில் அவள் ரத்தம் பார்த்தாள். இதற்கு முன் கரு தங்காமல் போன இரண்டு முறையும் பார்த்த அதே ரத்தம். பிறகு கணவன் விமல்ராஜை உள்ளே கூப்பிட்டுச் சொன்னாள். அவன் அவள் கையை இறுக்கிப் பிடித்தான்.

"வாயால சொல்லாத அருணா. சொன்னா அது அப்டியே ஆயிடும். நேத்து குடுத்த ரத்த டெஸ்ட் ரிசல்ட் வரட்டும்."

அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவனும் பயந்துபோயிருந்தான், பயத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைத்திருந்தான், அவ்வளவுதான். அவளுக்கும் விசுவாசம் உண்டு. ஊசி ஏறும்போது இயேசப்பா, இயேசப்பா என்று வலியைப் பேசியே கடத்தியவள் அவள். கீழ்பென்னாத்தூரிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு அந்தச் சபையில் பிடித்திருந்ததே அதுதான். எதுவானாலும் ஆண்டவரிடம் நேராகச் சொல்லலாம் என்றார்கள். இப்போது சொல்ல வேண்டிய ஒரே விஷயத்தைச் சொல்லக்கூடாது என்கிறார்கள். அடிவயிற்று வலியோடு, ராணியம்மாள் எடுத்துக் கொடுத்த புதுப்புடவையைக் கட்டிக்கொண்டாள்.

மத்தியானத்துக்கெல்லாம் வீடு நிறைந்துவிட்டது. பின்கட்டில் பிரியாணி தம்மில் இருந்தது. அருணாவை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, பெண்கள் சுற்றி நின்று ஜெபித்தார்கள். தலையில் ஒரு கை, தோளில் ஒரு கை, வயிற்றின்மேல் மட்டும் நாலைந்து கைகள். பாஸ்டரம்மா பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பேரே வைத்துவிட்டார். அருணாவுக்கு மூச்சு முட்டியது. எழுந்தால் புடவையில் கறை தெரியுமோ என்ற பயம் வேறு. கைகளுக்கு நடுவே இருந்த இடுக்கில் விமல்ராஜ் தெரிந்தான். அவன் போன் ஒளிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். பிறகு சட்டைப்பையில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, எல்லோரையும்விட சத்தமாக அல்லேலூயா என்றான்.

ரிசல்ட் வந்துவிட்டது, அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லி, முந்தானையைப் பின்னால் இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

வாசலில் தண்ணீர் கேனுக்கு முன்னால் கிரிவலக்காரர்கள் வெறுங்காலோடு நின்றிருந்தார்கள். அவளுடைய அம்மா வயதில் ஒருத்தி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, உள்ளே என்ன விசேஷம், பாட்டுச் சத்தம் கேட்கிறதே என்று விசாரித்தாள். முகம் தெரியாதவள். இன்னும் கொஞ்ச நேரத்தில் கூட்டத்தில் கரைந்துவிடுவாள். அந்தத் தைரியத்தில் அருணா வாயைத் திறந்தாள்.

"ஒரு விசேஷமும் இல்லீங்க. எனக்குக் கொழந்த தங்கல."

அந்த அம்மாள் பதறிப்போய் அவள் கன்னத்தைத் தடவினாள். "அப்டியெல்லாம் வாயால சொல்லாதம்மா. ஒரு பௌர்ணமிக்கு மலைய சுத்திட்டு வா, அண்ணாமலையார் குடுப்பாரு பாரு" என்று சொல்லிவிட்டு, நெற்றியில் விபூதி வைக்கக் கை நீட்டியவள், கதவில் ஒட்டியிருந்த சிலுவையைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டு நடந்துபோனாள்.

அருணாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் சேர்ந்து வந்தது. தெரு அடைத்திருந்தது, வீடும் அடைத்திருந்தது. இந்த ஊரில் எந்தச் சாமியிடம் போனாலும் இதே பதில்தான் கிடைக்கும்போல. உள்ளேயிருந்து ராணியம்மாள் கூப்பிட்டாள். சாட்சி சொல்ல வேண்டிய நேரம்.

பாஸ்டர் மைக்கைக் கையில் கொடுத்தார். விமல்ராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அருணா கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை பேரைத் தாண்டித்தான் ஆண்டவரிடம் போக வேண்டுமென்றால், சரி, தாண்டியே போகலாம்.

"ஆண்டவரே, வேலூர் ஆஸ்பத்திரில வச்ச கரு தங்கல. காலைலேர்ந்து ரத்தம் போவுது. உங்ககிட்ட சொல்லி அழக்கூட என்னை உட மாட்றாங்க."

அந்தச் சபையில் சாட்சி சொல்கிறவர் மூச்சு விடும் இடத்தில் மற்றவர்கள் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். பழக்கதோஷம். பின்வரிசையில் இரண்டு பேர் "ஸ்தோத்திரம்" என்றுவிட்டு, சொன்ன பிறகுதான் சொன்னது இன்னதென்று உறைத்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ராணியம்மாள்தான் முதலில் சுதாரித்தாள். பிசாசு பேசுகிறான், பாடுங்கள் என்று கஞ்சிராவைத் தட்டி உரத்த குரலில் பாட்டைத் தொடங்கினாள். ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். கைதட்டல் கூரையை இடித்தது. விமல்ராஜ் மட்டும் தட்டவில்லை. பையிலிருந்து போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

பாஸ்டர் மைக்கை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். அருணா கொடுக்கவில்லை. அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, பாட்டு முடிவதற்காகக் காத்து நின்றுகொண்டிருந்தாள்.