தொட்டுப் பார்க்காத சாவு

இப்போதெல்லாம் ஆட்கள் முதலில் அழுகிறார்கள், பிறகுதான் விசாரிக்கிறார்கள். பாதிப் பேர் விசாரிப்பதே இல்லை. போனில் ஒரு படம் வந்தால் போதும், மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிடுகிறார்கள்.

யட்டியாந்தோட்டைக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்தில் சின்னதாக ஒரு மாதா கோயில் உண்டு. முப்பது வருஷமாக அதில் சாவு மணி அடிப்பவன் நான், ஜூலியஸ். பிணத்தின் காலைத் தொட்டுப் பார்க்காமல் கயிற்றைப் பிடிக்கமாட்டேன். ரப்பர் ஷீட்டைக் காயவைக்கும் புகைவீட்டில் படித்த பாடம் அது. ஷீட் மேலே பளபளவென்று இருக்கும். கையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் உள்ளே இருக்கும் மண் தெரியும்.

போன திங்கட்கிழமை மத்தியானம் தோட்டத் தொழிற்சங்கத் தலைவன் ஸ்ரான்லி ஓடிவந்தான். என் மகள் எஸ்தர் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் வளைகுடா நாட்டில் ஒரு வீடு எரிந்ததாம். முதலாளி உள்ளே வைத்துப் பூட்டிய இலங்கைப் பெண் கருகிச் செத்தாளாம். அது எஸ்தர்தான் என்று டிவியில் சொன்னார்களாம். எஸ்தரின் போன் இரண்டு நாளாக வேலை செய்யவில்லை.

"பாஸ்போட் படத்தையும் போட்டுட்டாங்க மாமா."

"செத்தவ மூஞ்சிய நீ பாத்தியா?"

"துணி போட்டு மூடியிருந்துச்சு."

"அப்ப துணியத்தான் பாத்திருக்க."

"கல்லு நெஞ்சு மாமா ஒங்களுக்கு. நீங்க அடிக்காட்டி நான் அடிக்கிறேன்."

அடித்தான். மணிச் சத்தம் கேட்டு என் பெண்சாதி லூர்தம்மா மயங்கி விழுந்தாள். தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் லயத்து ரோட்டில் சாவுக்கான வெள்ளைக் கொடி கட்டினார்கள். "பெத்த மகளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல, மனுசனா இவரு?" என்றாள் எதிர் லயத்து மல்லிகா.

நான் கோயில் படியில் உட்கார்ந்திருந்தேன். நம் கண்ணையும் காதையும் ஏமாற்றுவதையே தொழிலாக வைத்துக்கொண்டு எவனோ ஒருவன் எங்கோ இருந்தால், நாம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? அவள் உயிரோடு இருக்கிறாளா என்று எனக்கும் தெரியாது. நான் நம்பவில்லை என்பது ஒன்றுதான் தெரிந்தது. இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டேன்.

செவ்வாய் முழுக்க டிவியில் அதே துணி, அதே படம். புதன்கிழமை அதே டிவியில் அமைச்சர் வந்து நின்றார். இனி அந்த நாட்டுக்குப் பெண்களை அனுப்பமாட்டோம், அங்கே இருப்பவர்களின் ஒப்பந்தத்தையும் நீட்டமாட்டோம் என்றார். அந்த நாடும் பதிலுக்கு விசாவை நிறுத்தியது.

வியாழக்கிழமை காலை எஸ்தர் வேறொரு போனிலிருந்து கூப்பிட்டாள். முகம் தெரிந்தது. லூர்தம்மா போனுக்கு முத்தம் கொடுத்தாள். நான் அதைப் பிடுங்கினேன்.

"சின்ன வயசுல மணிக் கயித்துல தொங்கினியே, என்னாச்சு?"

"ஐயோ அப்பா! பல்லு ஒடைஞ்சுச்சு. பாசியில வழுக்கி விழுந்ததா அம்மாகிட்ட பொய் சொன்னது நீங்கதானே!"

லூர்தம்மா என்னை முறைத்தாள். அப்போதுதான் நம்பினேன்.

போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, அவ்வளவுதான் நடந்தது. ஆனால் எஸ்தர் அழுதாள்.

"இவங்க நல்ல வீட்டுக்காரங்கப்பா. அடுத்த மாசம் அக்ரிமென்ட் முடியுது, புதுசுக்கு எம்பசியில சீல் அடிக்க மாட்டாங்களாம். நாம கட்டுற வீடு ஜன்னல் மட்டத்துல நிக்குதே. அந்த டிவிக்காரங்ககிட்ட சொல்லுங்க, நான் சாகலன்னு."

சொல்லியனுப்பினோம். சனிக்கிழமை அந்த டிவியிலிருந்து புவாட் என்று ஒருவர் கேமராக்காரரோடு வந்தார். கோயில் வாசலில் என்னை நிறுத்தி மைக்கை நீட்டினார்.

"ஐயா, மகள் திரும்பக் கெடச்ச சந்தோஷத்த சொல்லுங்க."

"அவ காணாமப் போகலயே. நீங்கதான் சாகடிச்சீங்க. அதப் பாத்து அமைச்சரு கதவ சாத்திட்டாரு. பொய்யின்னு நீங்களே சொல்லுங்க."

"பேர்ல ஒரு பிழை நடந்துட்டு. ஆள் அனுப்புற ஏஜென்சி தந்த லிஸ்ட்ல போன் எடுக்காதது உங்க மகள் மட்டும்தான்."

"போன் எடுக்காட்டி செத்ததா?"

அவர் குரலைத் தணித்தார். "தடை நல்லதுதானே ஐயா? எத்தனை பேர் அங்க அடிபடுறாங்க. எங்க நியூஸாலதான் அரசாங்கமே அசைஞ்சது."

அடிபடுகிறார்கள், எனக்கும் தெரியும். அங்கிருந்து எங்கள் லயத்துக்குத் திரும்பி வந்த கிருஷ்ணகுமாரியின் கையில் இருந்த சூட்டுத் தழும்பை நான் தொட்டே பார்த்தேன். அன்றைக்கு எந்தக் கேமராவும் இந்த மலை ஏறவில்லை.

"சரி, அந்தத் துணிக்குள்ள கெடந்தது யாரு?"

"தெரியல ஐயா."

"எந்த நாட்டுல எடுத்த படம்?"

"யாரோ அனுப்பினது. தேடிக்கிட்டு இருக்கிறோம்."

"அப்ப ஸ்ரான்லி யாருக்கு மணி அடிச்சான்?"

எவனோ அனுப்பிய படத்துக்கு இரண்டு நாடுகள் கதவைச் சாத்தியிருக்கின்றன. செத்தவள் யாரென்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

"நாளைக்கு நியூஸ்ல கட்டாயம் போடுறோம் ஐயா. அமைச்சரும் பாப்பாரு. நம்புங்க."

இனி யாரும் அவசரப்பட்டு அடிக்கக்கூடாது என்று நான் மணிக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்தேன்.

"ஐயா, ஐயா! நீங்க மணி அடிக்கிற மாதிரி ஒரே ஒரு ஷாட்!"

நாளைக்குப் போடுவார்களாம். நான் நடந்துகொண்டே இருந்தேன்.