இழுக்க இழுக்க விலகிய கூரை

காசிமேட்டுத் துறைமுகத்தில் ஆசீர்வாதத்தின் லாஞ்சுப் படகு கட்டிக் கிடந்தது. அதன் கேபின் கூரையில் ஒட்டியிருந்த ரெக்சின் மாட்டு மடி போலத் தொங்கியது. கடலில் நிற்கும் கப்பலுக்கு ஆட்களை ஏற்றிப்போக லாஞ்சை வாடகைக்கு எடுக்கலாமா என்று பார்க்க, அன்று சாயங்காலம் கப்பல் கம்பெனி ஆபீசர்கள் வருகிறார்கள்.

"அவுக தலையில இது விழுந்துச்சுன்னா என் வாடகை போச்சும்மா," என்றார் ஆசீர்வாதம்.

"ஆட்டோவுக்கே கூரை போடுறோம் நைனா. இது இன்னா பெரிய மேட்டரு?" என்றாள் ரமாபாய். அவளும் கணவன் பீம்ராவும் வியாசர்பாடியில் ஆட்டோவுக்கு சீட்டும் கூரையும் தைப்பவர்கள்.

ரெக்சின் சும்மா தொங்குவதில்லை. அதன் முதுகில் மெல்லிய ஸ்பாஞ்ச் இருக்கும். உப்புக் காற்றிலும் வெயிலிலும் அது மாவாகிவிட்டால், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அதனால் பழசை உரித்து, பலகையைச் சுரண்டினார்கள். பலகையிலும் புது ரெக்சினிலும் சொல்யூஷன் பசையைத் தடவி, விரலில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டார்கள். ஈரக்காற்று பட்டால் சொல்யூஷன் வெள்ளை பூத்து ஒட்டாமல் போய்விடுமே என்று ஜன்னல்களைச் சாத்தினார்கள். வாடை ஜிவ்வென்று தலைக்கேறியது.

"யோவ், இன்னாய்யா ரெண்டா தெரியுற?"

"ஒண்ணையே உன்னால சமாளிக்க முடியல மே!"

சிரித்துக்கொண்டே ஆட்டோ வழக்கப்படி ஒரு ஓரத்தை ஒட்டி, எதிர் ஓரத்தை விறைப்பாக இழுத்தார்கள். நடுவில் ரெக்சின் பலகையைத் தொடவில்லை. இன்னும் இழுத்தார்கள். இன்னும் விலகியது. ரமாபாய் தட்டிப் பார்த்தாள், டம்மென்றது.

"மோளம் மாதிரி கீதுய்யா!"

அதுவரை குனிந்தே நின்ற நெட்டையன் பீம்ராவ், சிரிப்பு தாங்காமல் நிமிர்ந்தான். மண்டை நடுக்கூரையில் முட்டியது. மண்டை இறங்கியது, அந்த இடத்து ரெக்சின் இறங்கவில்லை, பலகையோடு ஒட்டிக்கொண்டது.

இருவரும் வாயைப் பிளந்தார்கள். ஆட்டோவில் ரெக்சின் கம்பி வளைவுக்கு மேலே உட்காரும். இழுத்தால் வளைவை அணைத்துக்கொள்ளும். இந்தக் கேபின் கூரையும் வளைவுதான், ஆனால் இங்கே ரெக்சின் வளைவுக்கு உள்ளே, அடியில் இருக்கிறது. வில்லில் நாண் போல, இழுத்தால் வளைவை விட்டு விலகத்தான் செய்யும். இழுக்கவே கூடாது, நடுவிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

சொல்யூஷன் காய்ந்துவிட்டதால் ரமாபாய் ஜன்னலைத் திறந்துவிட்டு, எதிர் ஓரத்தைத் தளர்த்திப் பிடித்தாள். பீம்ராவ் துண்டை முண்டாசு கட்டி, தலையால் கூரையை அழுத்தியபடி ஓரத்தை நோக்கி நடந்தான்.

"அங்க சுருக்கம் கீது பாரு, முட்டு, முட்டு!" என்று அவளும் சீட்டின் மேல் ஏறி முட்டினாள்.

கதவைத் திறந்த ஆசீர்வாதம் திகைத்தார். "என்னய்யா பண்ணுதீய? குடிச்சிருக்கீயளா?"

"இஸ்திரி போட்டுகினு கீறோம் நைனா!" என்றான் பீம்ராவ்.

ஆபீசர்கள் வந்தார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு லாஞ்சு அலையில் தூக்கிப்போட்டபடி ஒரு சுற்று போனது. கரையில் இருவரும் கைகோத்து நின்றார்கள். திரும்பி வந்ததும் ஆசீர்வாதம் மேல்தட்டில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்: லாஞ்சை வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

"கூரையப் பாத்து இன்னா சொன்னாங்க?" என்று ரமாபாய் கத்தினாள்.

"ஒருத்தரும் அண்ணாந்தே பாக்கலம்மா!"

"இன்னாது? ஒருத்தர்கூடவா?" அவள் நியாயம் கேட்க லாஞ்சுக்குள் குதிக்கப் போனாள்.

பீம்ராவ் அவள் கையை விடவில்லை. "சும்மா இரு மே. கூரை தொங்குனாதான் அண்ணாந்து பாப்பாங்க. பாத்திருந்தாதான் பேஜாரு!"